நிற்கும் தூரம்: ஒரு கணக்கின் வலுவும் குறையும்

கோவையில் உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் வரை சுமார் 3.8 கி.மீ. நீளும் மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. பொள்ளாச்சி சாலைக்கும் பாலக்காடு சாலைக்கும் போகிறவர்கள் அதற்கு முன் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்துதான் நகர வேண்டியிருந்தது. இப்போது பாலத்தில் ஏறியதும் வண்டி மணிக்கு 60 கி.மீ.யைச் சுலபமாகத் தொடுகிறது. ஆனால் பாலம் இறங்கும் இடத்தில் இருப்பது பழைய ஊர்தான். பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் கூட்டம், ஆளைக் கண்டதும் ஒடித்துத் திரும்பும் ஆட்டோ, கைக்குழந்தையோடு குறுக்கே நடக்கும் பெண். வேகமாக வந்தவர் சட்டென்று நிற்க வேண்டிய இடம் அது. அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளிக்கூடக் கணக்குக்கு விடை எழுதப்படுகிறது. விடை தப்பினால் போவது மதிப்பெண் அல்ல, உயிர்.

சீரான எதிர்முடுக்கத்தில் ஒரு வண்டி நிற்க எவ்வளவு நேரமாகும், எவ்வளவு தூரம் ஓடும் என்பதே அந்தக் கணக்கு. ஒன்பதாம் வகுப்பிலேயே நாம் எல்லோரும் போட்டதுதான். சாலையை வடிவமைக்கும் பொறியாளரும், விபத்தை விசாரிக்கும் காவல் துறையும், வாகனத்தைச் சோதிக்கும் நிறுவனங்களும் இன்றும் இதன் மேல்தான் நிற்கிறார்கள். இவ்வளவு பேர் நம்பும் ஒரு கணக்கை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று எடைபோட்டுப் பார்ப்பது அவசியம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு நல்லது. நாம் அதைக் கற்பிக்கும் விதமும், அதனிடம் கேட்கும் கேள்வியும்தான் பாதியில் நிற்கின்றன.

கணக்கு சொல்வது என்ன?

வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் ஒரே அளவில் குறைகிறது என்று வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் குறைந்தால் எதிர்முடுக்கம் 5. கட்டுரை முழுவதும் இந்த அலகையே கொள்வோம். ஆரம்ப வேகத்தை எதிர்முடுக்கத்தால் வகுத்தால் நிற்கும் நேரம் கிடைக்கும். ஆரம்ப வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் தூரம் கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். எதிர்முடுக்கம் 5 என்றால் 3.3 விநாடியில், சுமார் 28 மீட்டரில் வண்டி நிற்கும்.

வேகம் சீராகக் குறைந்து பூஜ்யமாகும்போது சராசரி வேகம் ஆரம்ப வேகத்தில் சரிபாதி. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்ட இந்த உண்மையை, கலிலியோ 1638இல் வெளியிட்ட தமது கடைசி நூலில் விழும் பொருள்களுக்குப் பொருத்திக் காட்டினார். விழும் பொருளுக்குப் புவியீர்ப்பு மாறாதது. ஆகவே அங்கே 'சீரான' என்ற சொல் முழுப் பொருத்தம். பிரேக் அடிக்கும் வண்டிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில்தான் நம் விசாரணை தொடங்குகிறது.

வலு எங்கே இருக்கிறது?

முதல் வலு, வர்க்கம். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும் என்பது நம் உள்ளுணர்வுக்கு எட்டாத செய்தி. 30இல் போகிறவருக்கும் 60இல் போகிறவருக்கும் நடுவே இருப்பது இரு மடங்கு ஆபத்து என்றே மனம் நினைக்கும். இல்லை, பிரேக் தூரம் நான்கு மடங்கு என்று கணக்கு திருத்துகிறது. எதிர்முடுக்கம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இந்த உண்மை ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒரு கணக்கின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இரண்டாவது வலு, அதில் எடை இல்லாதது. டயரும் சாலையும் தரக்கூடிய உராய்வு வண்டியின் எடைக்கேற்பக் கூடுகிறது. நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. சுமையேறிய லாரி காரைவிட நீண்ட தூரம் ஓடி நிற்பது எடை என்ற ஒரே காரணத்தால் அல்ல. அதன் பிரேக்கும் டயரும் கிடைக்கக்கூடிய உராய்வு முழுவதையும் பயன்படுத்த முடியாததே காரணம். பழியை எடை மேல் போடாமல் பராமரிப்பின் மேலும் அளவுக்கு மீறிய பாரத்தின் மேலும் போட இந்தக் கணக்கு கற்றுத்தருகிறது.

மூன்றாவது வலுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணக்கைத் திருப்பிப் போடலாம். 'இந்த வேகத்தில் வந்தால் எங்கே நிற்பேன்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இவ்வளவு தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது, நான் என்ன வேகத்தில் வரலாம்?' என்று கேட்கலாம்.

இதற்கு உக்கடத்துக்குத் தெற்கே ஒரு நிஜமான களம் உண்டு. போத்தனூரிலிருந்து மதுக்கரை வழியாக வாளையாறு போகும் ரயில் பாதை யானைகள் கடக்கும் காட்டைத் தொட்டுச் செல்கிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரு - சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. ரயிலின் இரும்புச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிப்பு குறைவு. எதிர்முடுக்கம் 0.6 என்று கொண்டால், 60 கி.மீ.யில் வரும் ரயில் பிரேக் முழுமையாகப் பிடித்த பிறகும் 230 மீட்டருக்கு மேல் ஓடும். 45 கி.மீ. என்றால் 130 மீட்டர். ஓட்டுநருக்கு வளைவில் 150 மீட்டர்தான் தெரியும் என்றால் எந்த வேகம் ஆகாது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். யானை நடமாடும் பாதைகளில் ரயில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் அடிப்படை இதுதான். 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் தொடங்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு முன்னெச்சரிக்கை அமைப்பு, யானை தண்டவாளத்தை நெருங்குவதைக் கேமரா வழியே முன்கூட்டியே கண்டு சொல்கிறது. பார்வைத் தூரத்தைக் கண்ணுக்கு அப்பால் நீட்டுவதுதான் அதன் வேலை. நிற்கும் தூரத்தைக் குறைக்க முடியாத இடத்தில் பார்க்கும் தூரத்தைக் கூட்டு என்பது நேராக இந்தக் கணக்கிலிருந்து வரும் பாடம்.

சீரானது என்ற அனுமானம்

இனி குறைகள். எந்த வண்டியும் மிதித்த நொடியில் முழு எதிர்முடுக்கத்தைப் பெறுவதில்லை. பஸ்ஸிலும் லாரியிலும் உள்ள ஏர் பிரேக்கில், மிதித்த பிறகு காற்றழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேர ஏறக்குறைய அரை விநாடி ஆகலாம். 50 கி.மீ. வேகத்தில் அந்த அரை விநாடிக்கே 7 மீட்டர் போய்விடும். அதன்பின் பிடி ஏறும், ஓரளவு நிலைக்கும், பிரேக் சூடேறினால் தளரும். வரைபடத்தாளில் நாம் போடும் நேர்கோடு, நிஜத்தில் வளைந்து நெளியும் ஒரு கோட்டின் சராசரி.

சராசரி எடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். நேரத்துக்குச் சரியாகும், தூரத்துக்கு ஆகாது. 60 கி.மீ.யில் வரும் இரண்டு வண்டிகளும் சரியாக 4 விநாடியில் நிற்கின்றன என்று கொள்வோம். ஒருவர் முதல் விநாடியில் தயங்கி மெதுவாக மிதிக்கிறார் (எதிர்முடுக்கம் 2), அடுத்த மூன்று விநாடி அழுத்தி மிதிக்கிறார் (4.9). மற்றவர் முதல் மூன்று விநாடி அழுத்தி மிதித்துக் கடைசி விநாடியில் தளர்த்துகிறார். இருவருக்கும் ஆரம்ப வேகம் ஒன்று, நேரம் ஒன்று, நேரச் சராசரியும் ஒன்று. ஆனால் முதலாமவர் சுமார் 38 மீட்டர் ஓடியிருப்பார். இரண்டாமவர் 29 மீட்டர்தான். வித்தியாசம் 9 மீட்டர், அதாவது மூன்று ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தும் இடம். சீரான எதிர்முடுக்கம் என்ற அனுமானம் இந்த இருவரையும் ஒருவராகவே காட்டி, 33 மீட்டர் என்று விடை தரும். எப்போது அழுத்தினோம் என்பது எவ்வளவு அழுத்தினோம் என்பதற்குச் சமமான முக்கியம் என்ற செய்தி அந்த விடையில் காணாமல் போகிறது.

அனுமானம் அழகாகப் பொருந்தும் இடமும் உண்டு. உக்கடம் பேருந்து நிலையத்தை நெருங்கும் டவுன் பஸ்ஸைப் பாருங்கள். கம்பியைப் பிடித்தபடி நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர்கள் தடுமாறாமல் இருக்க எதிர்முடுக்கம் ஒன்று, ஒன்றரையைத் தாண்டக் கூடாது. நல்ல ஓட்டுநர் 40 கி.மீ. வேகத்திலிருந்து 50 மீட்டருக்கு முன்பே மிதிக்கத் தொடங்கி, ஒன்பது விநாடியில் ஆள் அசையாமல் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டதில்லை. அவர் காலில் கணக்கு இருக்கிறது. திட்டமிட்டு நிறுத்துவதற்குச் சீரான எதிர்முடுக்கம் ஏறத்தாழ உண்மை. சடன் பிரேக்குக்கு அது உண்மையிலிருந்து விலகுகிறது. நமக்குக் கணக்கு அதிகம் தேவைப்படுவதோ சடன் பிரேக்குக்குத்தான்.

இருசக்கர வாகனத்தில் விலகல் இன்னும் பெரிது. 'முன் பிரேக் புடிச்சா தூக்கிப் போட்டுருமுங்க' என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டுமே மிதிப்பவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம். பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது, பின் சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தில் உராய்வும் இலேசுதான். இரண்டு பிரேக்கும் சேர்ந்து உலர்ந்த சாலையில் 6, 7 வரை எதிர்முடுக்கம் தர முடியும் என்றால், பின் பிரேக் மட்டும் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. விபத்துக்குப் பிறகு 'பிரேக் புடிச்சனுங்க, வண்டி நிக்கலீங்க' என்று கேட்கும் குரல் பொய் சொல்வதில்லை. அவர் பிடித்தது பாதிப் பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றில் இரு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் கூட்டுப் பிரேக்கும் கட்டாயமாக்கப்பட்டன. இந்தக் குறைக்குச் சட்டம் கொடுத்த நேரடி மருந்து அது. அதற்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சாலையும் மாறாதது அல்ல. உக்கடம் லாரிப்பேட்டை மீன் மார்க்கெட்டை ஒட்டிய சாலையில் விடிகாலையில் போனால், மீன் பெட்டிகளிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் தாரில் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். தூசியும் எண்ணெயும் ஊறிய தாரில் விழும் முதல் தூறலும் அப்படித்தான். அங்கே மொட்டை டயருக்கு எதிர்முடுக்கம் 5 கிடைக்காது, 2.5 கிடைத்தாலே அதிகம். 60 கி.மீ.க்கு 28 மீட்டராக இருந்த பிரேக் தூரம் 56 மீட்டராகிவிடும்.

சரிவு இதோடு சேர்ந்துகொள்ளும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் பாலச் சரிவு எதிர்முடுக்கத்திலிருந்து 0.33ஐப் பிடுங்கிக்கொள்கிறது. உலர்ந்த சாலையில் இதனால் கூடும் தூரம் 2 மீட்டர்தான். நனைந்த சாலையில் அதே சரிவு 8 மீட்டருக்கு மேல் கூட்டுகிறது. பாலம் அதேதான், சரிவு அதேதான். மழை நாளில் மட்டும் அது கூட்டும் தூரம் நான்கு மடங்கு. தனித்தனியே சிறிதாகத் தெரியும் காரணங்கள் சேரும்போது வெறுமனே கூடுவதில்லை, ஒன்றை ஒன்று பெருக்கிக்கொள்கின்றன.

வளைவு எல்லாவற்றிலும் கொடியது. டயருக்கும் சாலைக்கும் இடையே கிடைக்கும் பிடிப்பு ஓர் அளவுள்ள கையிருப்பு. வளைவதற்குச் செலவழித்தது போக மீதிதான் பிரேக்குக்கு. மொத்தக் கையிருப்பு 7 என்றும், வளைவின் ஆரம் 50 மீட்டர் என்றும் கொள்வோம். 40 கி.மீ.யில் வருபவருக்கு வளைந்தது போக 6.5 மீதி இருக்கும். 60 கி.மீ.யில் வருபவருக்கு வளைவதற்கே 5.6 போய்விடும்; பிரேக்குக்கு 4.2தான் மிஞ்சும். (வளைக்கும் விசையும் பிரேக் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பதால் நேராகக் கழிக்காமல் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டும்.) மிகுந்த வேகத்தில் வருபவருக்கே மிகக் குறைந்த பிரேக். 2022 ஜூனில் திறக்கப்பட்ட திருச்சி சாலை மேம்பாலத்தின் சுங்கம் பக்க வளைவில், திறந்த சில மாதங்களுக்குள்ளேயே இருசக்கர வாகனங்களில் வந்தவர்கள் தடுப்புச்சுவரில் மோதிக் கீழே விழுந்து இறந்தார்கள். பிறகு பாலத்தைக் கொஞ்ச காலம் மூடி, வேகத்தடைகளும் எச்சரிக்கைகளும் அமைத்தார்கள். நேர்சாலைக்கான நிற்கும் தூரத்தை வளைவில் நம்பக் கூடாது என்பதற்கு உக்கடத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சான்று அது.

எந்த எண்ணைப் போடுவது?

இத்தனை மாற்றங்களையும் ஒரே எண்ணுக்குள் அடக்க வேண்டியவர் பொறியாளர். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால், கணக்கின் உண்மையான பயன்பாடு விளங்கும்.

பிரிட்டனின் ஹைவே கோட் மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. வேகத்துக்கு 9 மீட்டர் சிந்திக்கும் தூரம், 14 மீட்டர் பிரேக் தூரம், மொத்தம் 23 மீட்டர் என்கிறது. இந்திய சாலைப் பேராயம் 50 கி.மீ. வேகத்துக்குச் சாலையில் 60 மீட்டர் தெரிய வேண்டும் என்கிறது. ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே வாய்பாடு. விடை மட்டும் இரண்டரை மடங்கு. காரணம், போட்ட எண்கள். பிரிட்டன் எதிர்வினை நேரமாக முக்கால் விநாடிக்கும் குறைவாக எடுத்து, எதிர்முடுக்கத்தை 6.5க்கு மேல் வைக்கிறது. அது விழிப்போடு இருக்கும் ஓட்டுநர், நல்ல கார், உலர்ந்த சாலை. சாலைப் பேராயம் எதிர்வினை நேரத்தை 2.5 விநாடி என்று கொள்கிறது. காண்பது, புரிந்துகொள்வது, பதறுவது, முடிவெடுப்பது ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும். உராய்வுக் குணகத்தை (இதைப் புவியீர்ப்பால் பெருக்கினால் எதிர்முடுக்கம் கிடைக்கும்) 50 கி.மீ.க்கு 0.37 என்று எடுக்கிறது. அது களைத்த ஓட்டுநர், தேய்ந்த டயர், ஈரச் சாலை.

சாலைப் பேராயத்தின் பட்டியலில் இன்னொரு நேர்மையும் உண்டு. குறைந்த வேகத்துக்கு 0.40 என்று தொடங்கும் குணகம், 100 கி.மீ.க்கு 0.35 என்று இறங்குகிறது. வேகம் கூடக்கூடப் பிடிப்பு குறையும் என்ற உண்மையை, சீரானது என்ற அனுமானத்தை விட்டுவிடாமலேயே உள்ளே கொண்டுவரும் உத்தி இது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் 2001இல் வேறு வழியில் போனார்கள். உராய்வு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதை விட்டு, எதிர்பாராமல் ஒரு பொருளைக் கண்டால் மனிதர்கள் எவ்வளவு அழுத்தி பிரேக் அடிக்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்து, பெரும்பாலோர் எட்டக்கூடிய 3.4ஐ எதிர்முடுக்கமாக வைத்தார்கள். நம் 0.35ஐப் புவியீர்ப்பால் பெருக்கினாலும் 3.4தான் வருகிறது. இருவேறு வழிகளில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்வது, அந்த எண்ணின் மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

ஆகவே வாய்பாடு தரும் விடை இயற்கையின் தீர்ப்பு அல்ல. யாரைக் காக்க வேண்டும் என்று நாம் எடுத்த முடிவின் கணக்கு வடிவம். ஆனால் காகிதத்தில் 60 மீட்டர் பார்வைத் தூரம் விட்டுக் கட்டிய சாலையில், பிறகு ஒரு பிளக்ஸ் பேனர் முளைக்கிறது. ஓரத்தில் லாரி நிற்கிறது. பாலத்தின் தூண் மறைக்கிறது. தூணுக்குப் பின்னாலிருந்து ஆள் வெளிப்படும்போது 15 மீட்டர்தான் இருக்கிறது என்றால், எதிர்வினைக்கு 1.5 விநாடி, எதிர்முடுக்கம் 5 என்று வைத்தாலும் அனுமதிக்கத்தக்க வேகம் மணிக்கு 25 கி.மீ. தான். பாலத்துக்குக் கீழே வண்டி ஓட்டும் எவரும் மனதில் வைக்க வேண்டிய எண் அது.

மகஜரில் எழுதும்போது

விபத்து நடந்த இடத்தில் பார்வை மகஜர் தயாரிக்கும்போது, தாரில் தேய்ந்த டயர்த் தடத்தை நாடா வைத்து அளக்கிறார்கள். கணக்கைத் திருப்பினால் தடத்தின் நீளத்திலிருந்து வேகம் கிடைக்கும். 20 மீட்டர் தடம்; உராய்வுக் குணகம் 0.7 என்றால் வேகம் 60 கி.மீ. வருகிறது. 0.5 என்றால் 50, 0.8 என்றால் 64. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று முதல் தகவல் அறிக்கையில் வழக்கமாக எழுதப்படும் வரிக்கு இந்த 14 கி.மீ. இடைவெளியே உயிர்நாடி. குணகத்தை அந்தச் சாலையில் அளந்தார்களா, புத்தகத்திலிருந்து எடுத்தார்களா என்று கேட்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு.

இங்கேயும் கணக்கின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. குணகம் 60 சதவீதம் மாறியபோது வேகம் 30 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறியது. வர்க்கமூலம் பிழையைச் சுருக்கிவிடுகிறது. மேலும், தடம் முடியும் இடத்தில் மோதல் நடந்திருந்தால், கணக்கு தருவது குறைந்தபட்ச வேகம் மட்டுமே. மோதலில் செலவான வேகம் அதற்கு மேல். ஏபிஎஸ் உள்ள வண்டி தடத்தையே அழுத்தமாக விடுவதில்லை. தடம் இல்லை, எனவே பிரேக் அடிக்கவில்லை என்ற பழைய வாதம் இனி செல்லாது.

பாடப்புத்தகம் விட்டுவிட்ட 18 மீட்டர்

என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் பல தலைமுறை மாணவர்கள் போட்ட ஒரு கணக்கு இது: எதிர்முடுக்கம் 6, பிரேக் அடித்த 2 விநாடியில் கார் நின்றது, ஓடிய தூரம் என்ன? விடை 12 மீட்டர். சரியான விடை. காரின் ஆரம்ப வேகம் விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கி.மீ. என்றும் அதிலிருந்து தெரிகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக 1.5 விநாடி ஆகும் என்று சேர்த்தால், கார் அதற்குள்ளேயே 18 மீட்டர் ஓடியிருக்கும். சாலையின் விடை 30 மீட்டர். மாணவன் மனதில் பதிவது 12.

என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு நூலில் நிற்கும் தூரமும், அளவுகோலை விழவிட்டு எதிர்வினை நேரம் காணும் சோதனையும் அடுத்தடுத்தே வருகின்றன. இரண்டையும் கூட்டச் சொல்லும் மூன்றாவது கணக்கு ஒன்று இருந்தால் பாடம் முழுமையாகியிருக்கும். நகர வேகத்தில் நிற்கும் தூரத்தின் பெரும்பகுதி பிரேக்கைத் தொடும் முன்பே ஓடிவிடுகிறது. சாலைப் பேராயம் 50 கி.மீ.க்குச் சொல்லும் 60 மீட்டரில் 35 மீட்டர் எதிர்வினைக்கானது. செல்போனைப் பார்த்தபடி ஓட்டுபவர் நீட்டுவது இந்தப் பகுதியைத்தான். எந்த நல்ல பிரேக்கும் இதைக் குறைக்காது.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. எல்லாக் கணக்குகளும் 'எங்கே நிற்கும்?' என்று மட்டுமே கேட்கின்றன. 'நிற்காவிட்டால் என்ன வேகத்தில் மோதும்?' என்று கேட்பதில்லை. அதே சமன்பாடுதான் இதற்கும் விடை சொல்லும். எதிர்வினை 1.5 விநாடி, எதிர்முடுக்கம் 5. மணிக்கு 40 கி.மீ.யில் வருபவர் 29 மீட்டரில் நிற்பார். சரியாக அந்த 29ஆவது மீட்டரில் ஒரு சிறுமி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவரின் வண்டி அவளைத் தொடாமல் நின்றுவிடும். 50இல் வந்தவர் அவள் மேல் மோதும்போது அவர் வேகம் இன்னும் 38 கி.மீ. இருக்கும். 60இல் வந்தவர் மோதும் வேகம் 55 கி.மீ. அவர் பிரேக்கைத் தொட்டு 4 மீட்டர்தான் ஆகியிருக்கும்.

வெறும் 10 கி.மீ. கூடுதல், மோதலே இல்லாத நிலையை 38 கி.மீ. மோதலாக மாற்றுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதத்தை நான் அறியேன். அது நம் பாடத்தில் இல்லை. சாலைப் பலகையில் இல்லை. ஓட்டுநர் உரிமத் தேர்விலும் இல்லை. அவசரத்தில் நிறுத்தும் திறனையும் பார்க்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆனால் நம் ஊரில் இருசக்கர உரிமம் என்றாலே எட்டுப் போடுவது என்றாகிவிட்டது. எட்டுப் போடுவது மெதுவாக ஓட்டும் திறனுக்கான தேர்வு. உயிரைக் காப்பது நிறுத்தும் திறன்.

தீர்ப்பு

சீரான எதிர்முடுக்கக் கணக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. துல்லியமான மாற்று முறைகள் கணினியில் உண்டு; அவற்றுக்கு வேண்டிய விவரங்கள் ஆய்வகத்துக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. இரண்டே எண்களை வைத்து ஒரு பதினான்கு வயது மாணவி போடக்கூடிய, உண்மைக்கு அருகில் நிற்கும் கணக்கு இது. அதன் வர்க்கம் பொய் சொல்லாது. எதிர்முடுக்கத்துக்கு நாம் போடும் எண்தான் பொய் சொல்லக்கூடும். எதிர்வினைத் தூரத்தை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய பொய். கணக்கைப் பயன்படுத்துபவர் உலர்ந்த சாலைக்கு ஒரு விடை, நனைந்த சாலைக்கு ஒரு விடை என்று எப்போதும் இரண்டு விடைகள் எழுத வேண்டும். ஒற்றை விடை எழுதுபவர் கணக்கு அறிந்தவர், சாலை அறியாதவர்.

பாலங்களைப் பராமரிக்கும் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். உக்கடம் பாலத்தின் ஒவ்வோர் இறக்கத்திலும் வேக வரம்பை எழுதும் பலகையிலேயே, அந்த வேகத்தில் வண்டி நிற்க எத்தனை மீட்டர் ஆகும், மழையில் எத்தனை மீட்டர் ஆகும் என்றும் எழுதுங்கள். உரிமம் கொடுக்கும் அலுவலர்கள் எட்டோடு சேர்த்து, 30 கி.மீ. வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கும் பிடித்து ஒரு கோட்டுக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தை அடுத்து எடுக்கும்போது, தூரம் கண்ட மாணவரை அதோடு விட்டுவிடாமல் மேலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிரேக்கைத் தொடும் முன் எவ்வளவு ஓடியிருப்பாய்? பத்து கி.மீ. கூடுதலாக வந்திருந்தால் என்ன வேகத்தில் மோதியிருப்பாய்? இதற்குப் புதிய சமன்பாடு எதுவும் வேண்டாம். பாடவேளையில் பத்து நிமிடம் போதும்.